மந்திர வாளை யாரிடம் கொடுப்பது?

புதையல் பெட்டிக்குள் ஒரு வாள் மின்னுகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மேசையைச் சுற்றி இருக்கும் நால்வரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பல ஆண்டுகளாக டன்ஜியன் மாஸ்டராக (விளையாட்டின் கதையை நடத்துபவராக) உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்த்து வருகிறேன், இன்னும் அலுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிட ஆரவாரத்தில் எடுக்கும் முடிவு அடுத்த பல மாத ஆட்டத்தையும் தீர்மானித்துவிடுகிறது. "ஃபைட்டர்தானே முன்னால் நிற்கிறான், அவனிடமே இருக்கட்டும்" என்று யோசிக்காமல் கொடுத்துவிட்டு, அப்புறம் வாராவாரம் மனத்தாங்கலோடு ஆடிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

நான் ஆடுவது டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு; ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். கீழே வரும் கணக்குகள் எல்லாம் அதை ஒட்டியவை. ஒப்பிடுவதற்கு ஓர் ஆளை நிறுத்திக்கொள்வோம்: ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்), வலிமை 18, ஒரு கையில் நீள்வாள், மறு கையில் கேடயம். அவர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. சாதாரண +1 வாள் (தாக்கும் பகடைக்கும் சேதத்துக்கும் ஒன்று கூட்டும் மந்திர வாள்). சொன்னால் தீப்பற்றும் ஃபிளேம் டங். தனக்கென்று ஒரு மனம் உள்ள பேசும் வாள். சாபம் பிடித்த பெர்சர்க்கர் கோடரி. கடைசியாக, மந்திர ஆயுதமே வாங்காமல் தேவைப்படும்போது மட்டும் தோழர் ஒருவர் மந்திரம் போட்டு வாளை ஏற்றிக்கொள்வது.

இவற்றில் எது அதிகச் சேதம் தரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒவ்வோர் ஆயுதமும் எதையாவது கொடுக்கும்போது எதையாவது வாங்கியும் கொள்கிறது. ஒன்று உங்கள் போனஸ் ஆக்ஷனை (உங்கள் முறையில் வழக்கமான செயலோடு கூடுதலாகச் செய்யக்கூடிய சிறு செயலை) வாங்குகிறது, ஒன்று தோழரின் கவனத்தை, ஒன்று உங்கள் விருப்பத்தையே. வாங்குவது யாரிடம் உபரியாக இருக்கிறதோ அவரிடம் அந்த ஆயுதம் போக வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் வெறும் வாளின் கணக்கு. நம் ஃபைட்டர் இருபது முகப் பகடையை உருட்டி அதோடு 7 சேர்க்கிறார். எதிரியின் கவச எண் 15 என்றால் பகடையில் 8 விழுந்தால் போதும். அதாவது 65 சதவீத வாய்ப்பு. பட்டால் சராசரி 8.5 சேதம். ஐந்தாம் லெவலில் ஒரு சுற்றில் இரண்டு வெட்டு. பகடையில் 20 விழுந்து சேதப் பகடை இரட்டிக்கும் கிரிட்டிகலையும் சேர்த்தால் சுற்றுக்கு 11.5 வருகிறது. இதுதான் அடிக்கோடு.

+1 வாள் இதை ஏறக்குறைய 13.8 ஆக்குகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டே கால் புள்ளி கூடுதல், அவ்வளவுதான். "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று புதியவர்கள் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் கார்காயில் கதையைச் சொல்வேன். கல்லுடம்பு கொண்ட அந்தச் சிறகு அரக்கனுக்குக் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 52. மந்திரம் இல்லாத ஆயுதத்தால் வெட்டினால், அது அடமன்டைன் என்னும் கடின உலோகத்தில் செய்ததாக இல்லாவிட்டால், சேதத்தில் பாதிதான் உள்ளே இறங்கும். வெறும் வாளோடு நம் ஃபைட்டர் அதைத் தனியாக வீழ்த்த ஒன்பது சுற்றுக்கு மேல் ஆகும். +1 வாள் கையில் இருந்தால் நான்கு சுற்று. ஓநாய் மனிதனிடம் நிலைமை இன்னும் மோசம்: வெள்ளி பூசாத, மந்திரமும் இல்லாத வாள் அவன் தோலைக் கீறக்கூடச் செய்யாது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்ற பழமொழி இந்த இடத்தில் செல்லுபடியாகாது. எவ்வளவு வல்லவராக இருந்தாலும் புல்லில் கொஞ்சம் மந்திரம் இருந்தாக வேண்டும்.

ஆக +1 வாளின் உண்மையான மதிப்பு அந்த ஒன்றில் இல்லை. அது மந்திர ஆயுதம் என்று எண்ணப்படுவதில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: 2025-இல் வந்த புதிய அரக்கர் தொகுப்பில் இந்த வகைத் தடுப்பாற்றல் பெருமளவு எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் மாஸ்டர் அந்தத் தொகுப்பிலிருந்து அரக்கர்களை இறக்குகிறார் என்றால் +1 வாளின் பாதிப் பெருமை போய்விடும். முதல் வாரமே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வாளுக்கு இன்னொரு நற்குணம் உண்டு. அது உங்களிடமிருந்து எதையும் வாங்குவதில்லை. அட்யூன்மென்ட் (பொருளோடு மனத்தை இணைத்துக்கொள்வது) வேண்டாம், கட்டளைச் சொல் வேண்டாம், கையில் எடுத்தவுடன் வேலை செய்யும். யாரும் யாரிடமும் நடுச்சண்டையில்கூடத் தூக்கிப் போடலாம். குழுவில் எவரிடமும் மந்திர ஆயுதம் இல்லாத காலத்தில் இது வீட்டுப் பொதுச்சொத்து மாதிரி கைமாறிக்கொண்டே இருப்பதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி ஃபிளேம் டங். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கப் போகிறேன், ஏனென்றால் அதிகமாகத் தவறான கைக்குப் போவது இதுதான்.

விதி எளிமையானது. போனஸ் ஆக்ஷன் செலவழித்துக் கட்டளைச் சொல்லைச் சொன்னால் அலகு தீப்பற்றும். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு ஆறுமுகப் பகடை தீச்சேதம் கூடும். மறுபடி சொல்லும்வரை, அல்லது வாளைக் கீழே போடும்வரை, உறையில் செருகும்வரை எரிந்துகொண்டே இருக்கும். நம் ஃபைட்டர் கையில் இது சுற்றுக்கு 21.3 தருகிறது. +2 வாள் தருவது 16.2, மிக அரிதான +3 வாளே 18.9-தான். அதாவது ஐந்தாம் லெவலில், கவச எண் 15 உள்ள எதிரியிடம், அரியது என்ற தரத்தில் உள்ள இந்த வாள் தன்னைவிட ஒரு படி உயர்ந்த வாளையும் முந்துகிறது. எதிரிக்குத் தீயைப் பாதியாக்கும் தடுப்பாற்றல் இருந்தால்கூட ஏறத்தாழ 16 கிடைக்கும். அது +2 வாளுக்குச் சமம்.

விழ வேண்டிய இடங்களில் விழவும் செய்கிறது. தீயே ஒட்டாத எதிரிகள் நிறைய: சிவப்பு டிராகன், தீப்பூதம், நரகத்துப் பிசாசுகளில் பெரும்பாலானவை. அவர்களிடம் இது வெறும் 11.5 வாள், அலங்கார விளக்கோடு. ஆனாலும் மந்திர வாள் என்பதால் கார்காயில் பிரச்சினை இல்லை. கவச எண் 20-ஐத் தொடும் எதிரிகளிடம் +3 வாள் கிட்டத்தட்ட ஈடு கட்டிவிடும். துல்லியத்துக்கு அங்கேதான் மரியாதை. நரகத்தை நோக்கிப் போகும் கதை என்று மாஸ்டர் சூசகமாகச் சொல்லியிருந்தால் இதன்மேல் பந்தயம் கட்டாதீர்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? தீப்பகடை ஒவ்வொரு வெட்டுக்கும் வருகிறது. ஆகவே யார் அதிக முறை வெட்டுகிறாரோ அவருக்குத்தான் இது லாபம். கணக்குப்படி, 65 சதவீத வாய்ப்பில் ஒரு வெட்டுக்கு 4.9 புள்ளி கூடுகிறது. ஒளிந்து தாக்குபவரான, ஒரே ஒரு குத்தை நம்பி ஆடும் ரோக்குக்கு அதுவே மொத்த லாபம். ஃபைட்டருக்கு அது இரட்டிப்பு. கூடுதலாக ஒரு செயல் தரும் ஆக்ஷன் சர்ஜ் திறனைப் போடும் சுற்றில் நான்கு மடங்கு. ரோக்குக்கு இன்னொரு தடை: ஒளிவதற்கும் விலகி ஓடுவதற்கும் அவருக்குப் போனஸ் ஆக்ஷன்தான் மூச்சு. அதை முதல் சுற்றிலேயே வாளைப் பற்றவைக்கச் செலவழிக்கச் சொன்னால் எப்படி? பார்பேரியனுக்கும் இதே சிக்கல். அவர் ஆவேசம் கொள்வதும் போனஸ் ஆக்ஷன். முதல் சுற்றில் ஆவேசமா, தீயா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வாளும் கேடயமும் ஏந்திய ஃபைட்டருக்குப் பல சுற்றுகளில் போனஸ் ஆக்ஷன் சும்மா கிடக்கிறது. உபரி இருக்கும் இடம் அது.

"சண்டைக்கு முன்னாலேயே பற்றவைத்துக்கொண்டால் போகிறது" என்பார்கள். என் மேசையில் ஒரு தோழி அப்படித்தான் செய்தாள். அவளுடைய ஃபைட்டருக்கு ஃபிளேம் டங் கிடைத்து இரண்டாவது வாரம். இரண்டு சிவப்புப் பகடைகளை மற்றவற்றோடு கலக்காமல் இடது உள்ளங்கையில் எப்போதும் சூடாக வைத்திருப்பாள். சுரங்கப்பாதையில் கும்மிருட்டு. ரோக் முப்பது அடி முன்னால் ஒரு பாறையின் பின்னே பதுங்கி, எதிர்ப்பக்கத்துக் காவலர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேவு பார்க்கும் காட்சியை மெதுவாக விவரித்துக்கொண்டிருந்தபோது, தயாராக இருப்போமே என்று அவள் மூச்சுக்குள் கட்டளைச் சொல்லைச் சொன்னாள். எரியும் வாள் நாற்பது அடிக்குப் பளிச்சென்றும் அதற்கு அப்பால் இன்னொரு நாற்பது அடிக்கு மங்கலாகவும் வெளிச்சம் போடும். மேசையில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. பாறையின் நிழல் சுவரில் நீண்டது, நிழலோடு ரோக்கின் தலையும். நான்கு அம்புகள் பாய்ந்தன. ரோக் பிழைத்தார். அன்றிலிருந்து "வாளை எடுக்கட்டுமா?" என்று அவள் கேட்காமல் பற்றவைத்ததில்லை, அந்தக் கேள்வியே எங்கள் ஆட்டத்தில் ஓர் அழகான பழக்கமாகிவிட்டது. ஒளிந்து ஒளிந்து முன்னேறும் குழு என்றால் இந்த வாள் உறையில்தான் அதிக நேரம் தூங்கும் என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இருந்தும், பொதுவான கதைக்கு, ஃபைட்டர் கையில், இதைவிட நல்ல வாள் ஐந்தாம் லெவலில் கிடைப்பது அபூர்வம். இருபது விழுந்தால் பகடைகள் இரட்டிக்கும், தீப்பகடையும் நான்காகும். அந்த நான்கையும் கைக்குள் குலுக்கும் சத்தத்துக்காகவே கொடுக்கலாம் என்று சில நேரம் தோன்றும்.

பேசும் வாள் முற்றிலும் வேறு கதை. இந்த எண்ணம் புதியதே அல்ல. 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே மந்திர வாள்களுக்கு அறிவும் அகங்காரமும் கொள்கைச் சாய்வும் கொடுத்திருந்தார்கள். 2014 விதிகளில் அப்படிப்பட்ட வாளுக்கு அறிவு, விவேகம், ஆளுமை என்று மூன்று எண்கள் உண்டு. அதற்கென்று ஒரு நோக்கமும் இருக்கலாம். ஏந்தியவர் அந்த நோக்கத்துக்கு எதிராக நடந்தால் மோதல் மூளும்: வாளும் ஆளும் ஆளுமைப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். வாள் வென்றால் நிபந்தனை விதிக்கும். மறுத்தால் தன் சக்திகளை அடக்கிக்கொள்ளலாம். அல்லது உங்களையே கைப்பற்றப் பார்க்கலாம். அப்போது நீங்கள் போடும் சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை) 12-உடன் வாளின் ஆளுமைக் கூட்டெண்ணைச் சேர்த்து வரும் எண்ணைத் தொட வேண்டும். தோற்றால் பன்னிரு முகப் பகடை காட்டும் அத்தனை மணி நேரம் அதன் சொற்படிதான் நடக்க வேண்டும்.

இப்போது நம் ஃபைட்டரைப் பாருங்கள். வலிமைக்கும் உடல்திறனுக்கும் புள்ளிகளைக் கொட்டிவிட்டு ஆளுமையை 8-இல் (கூட்டெண் -1) விட்டிருப்பார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். வாளின் ஆளுமை 16 (கூட்டெண் +3) என்றால் அவர் 15-ஐத் தொட வேண்டும். அதற்குப் பகடையில் 16-க்குக் குறையாமல் விழ வேண்டும். நான்கில் ஒரு வாய்ப்பு. அதே வாளை ஆறாம் லெவல் பலாடினிடம் (புனித வீரரிடம்) கொடுங்கள்: ஆளுமை 16, ஆளுமை சேவிங் த்ரோவில் பயிற்சி, ஆறாம் லெவலில் வரும் பாதுகாப்பு ஒளிவட்டம் எல்லாம் சேர்ந்து +9. பகடையில் 6 விழுந்தாலே போதும், நான்கில் மூன்று வாய்ப்பு. ஒரே வாள், ஒருவருக்கு எஜமான், இன்னொருவருக்குத் தோழன்.

நடந்ததைச் சொல்கிறேன். இறந்தும் உலவுபவர்களை அழிப்பதே நோக்கமாகக் கொண்ட ஒரு வாளை என் குழு ஃபைட்டரிடம் கொடுத்தது. மூன்று வாரம் கழித்து, ஊரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓர் ஆவியிடம் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டிய கட்டம் வந்தது. பலாடின் பணிவாகப் பேசிக்கொண்டிருக்க, வாள் மோதலைத் தொடங்கியது. ஃபைட்டர் தோற்றார், நான் பன்னிரு முகப் பகடையை உருட்டினேன், ஒன்பது. ஒன்பது மணி நேரம். ஆவி சிதறியது, உடன்படிக்கையும் போயிற்று. அந்த விளையாட்டாளர் பகடையை வெறித்துப் பார்த்துவிட்டு, தன் பாத்திரம் அழுவதாகச் சொன்னார். நான் நடத்தியவற்றில் மறக்க முடியாத இரவுகளில் அது ஒன்று. ஆனால் அது நன்றாக அமைந்ததற்குக் காரணம், தன் வாளோடு சண்டை போட வேண்டும் என்று அவரே முன்கூட்டி என்னிடம் கேட்டிருந்ததுதான். அப்படிக் கேட்காத ஒருவரின் பாத்திரத்தை அவர் கையிலிருந்து ஒன்பது மணி நேரம் பிடுங்கினால் அடுத்த வாரம் அவர் வராமல் போவதில் ஆச்சரியமில்லை. ஆகவே பேசும் வாளுக்கு எண்களைவிட ஆளைப் பார்த்துக் கொடுங்கள். சண்டையில் அடிக்கிறவரைவிடப் பேச்சில் ஆடுகிறவருக்குத்தான் அது பொருந்தும்.

பெர்சர்க்கர் கோடரியைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை: தெரிந்தே எடுக்காதீர்கள். +1-உம் லெவலுக்கு ஓர் உயிர்ப்புள்ளியும் தருகிறது. பதிலுக்கு, எதிரி உங்களைக் காயப்படுத்தும் ஒவ்வொரு முறையும் விவேக சேவிங் த்ரோவில் 15-ஐத் தொட வேண்டும், தவறினால் வெறி. விவேகம் 12 உள்ள ஃபைட்டர் மூன்று அடி வாங்கியும் நிதானமாக நிற்க நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான் இருக்கிறது. வெறி பிடித்தால் யார் மிக அருகில் இருக்கிறாரோ அவரை வெட்டுவார். எதிரிகள் இருக்கும்வரை பரவாயில்லை. கடைசி எதிரி விழுந்த பிறகுதான் வினை. அறுபது அடிக்குள் கண்ணுக்கோ காதுக்கோ யாரும் எட்டாத நிலையில் அவர் முறை தொடங்கினால்தான் வெறி தணியும். அதுவரை தோழர்கள் ஓட வேண்டும், அவரும் அதே வேகத்தில் துரத்துவார். கோடரியைக் கீழே வைக்கவும் மனம் வராது. பொருளை அடையாளம் காணும் ஐடென்டிஃபை மந்திரம் இந்தச் சாபத்தைக் காட்டிக்கொடுக்காது என்பதால் தெரியாமல் சிக்குபவர்கள் உண்டு. ஐந்தாம் லெவல் கிளெரிக் (பூசாரி) சாபநீக்க மந்திரம் போட முடியும், அவரிடம் ஓடுங்கள்.

ஐந்தாவது வழி, மேஜிக் வெப்பன் மந்திரம். இரண்டாம் லெவல் மந்திரம். ஒரு மணி நேரத்துக்குச் சாதாரண வாளை +1 ஆக்கும். போட்டவர் அதுவரை கவனம் கலையாமல் இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் இன்னொரு கவன மந்திரம் போட முடியாது. இங்கேதான் விலை தெரிகிறது. பலாடின் அதே கவனத்தைச் செலவழித்து முதல் லெவல் பிளெஸ் (ஆசி) மந்திரம் போட்டால் மூன்று பேரின் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு நான்முகப் பகடை, சராசரி 2.5, கூடும். ஒருவருக்கு +1 எங்கே, மூவருக்கு 2.5 எங்கே! விஸார்டுக்கும் (மந்திரவாதிக்கும்) அப்படியே, ஒரு வெப் (வலை) மந்திரத்தால் பாதி எதிரிகளைக் கட்டிப்போட வேண்டியவரை வாளுக்குக் காவல் வைப்பது வீண். கார்காயிலோ ஓநாய் மனிதனோ எதிரில் நிற்க, கையில் மந்திர ஆயுதமே இல்லை என்னும் நெருக்கடியில் மட்டும் இது உயிர் காக்கும். அந்த ஒரு நாளுக்காக யாராவது கற்று வைத்திருப்பது நல்லதுதான்.

ஆக என் மேசையில் இப்படித்தான் பரிந்துரைப்பேன்: முதலில் கிடைக்கும் +1 வாள் அதிகம் வெட்டுபவரிடம். பிறகு ஃபிளேம் டங் கிடைத்தால் அது அவரிடம் போகும், +1 வாள் ரோக்கிடமோ பார்பேரியனிடமோ இறங்கும். பேசும் வாள் பலாடினிடம், அல்லது அதோடு மல்லுக்கட்ட ஆசைப்படும் எவரிடமும். இரண்டு வாள்களும் ஒருவருக்கே வேண்டுமென்றால் அட்யூன்மென்ட் கணக்கை நினைவில் வையுங்கள். ஃபிளேம் டங்குக்கும் கோடரிக்கும் அது தேவை. ஒருவருக்கு மூன்று பொருள்களுக்கு மேல் முடியாது. ஐந்தாம் லெவலில் அது தாராளமாகத் தோன்றும். பாதுகாப்பு மோதிரமும் மேலங்கியும் வந்து சேரும்போது நெருக்கும்.

முடிவைக் குகையை விட்டு வெளியேறும் முன்பே எடுங்கள். பொருளின் குணத்தைக் கையில் வைத்து அறிய ஒரு குட்டி ஓய்வு, அதாவது ஒரு மணி நேரம் வேண்டும். அட்யூன் ஆவதற்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே ஓய்வில் முடிக்க விதி இடம் தரவில்லை. விஸார்டிடம் ஐடென்டிஃபை இருந்தால் சடங்காகவே பதினோரு நிமிடத்தில் போட்டுவிடலாம், முதல் மணி நேரம் மிச்சம். மிச்ச ஒரு மணி நேரத்துக்கு இருவரை வாசலில் காவல் நிறுத்துங்கள். வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது.